எழுவர் ஒருவராகும் வித்தை

மலைநாட்டிலே மேட்டுக்கும் பள்ளத்துக்கும் குறைவில்லை, சமநிலத்துக்குத்தான் பஞ்சம். திம்புள்ள பகுதியிலே தலவாக்கலையிலிருந்து லிந்துலை வரை ஒருமுறை போய் வந்தவர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைச் சரிவு, அதனிடையே லயங்கள், ஒரு கோயில் முற்றம், ஒரு பிரட்டுக்களம். நானுஓயாவை அடுத்த ராதெல்லையிலே துரைமார் காலந்தொட்டு வரும் விசாலமான கிரிக்கெட் மைதானம் ஒன்று உண்டு. அத்தகைய மைதானம் எல்லாத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வாய்த்துவிடுமா? ஆனால் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தை எந்தத் தோட்டத்திலும் தேடிக் கொள்ளலாம். மட்டை வேண்டாம், பந்து வேண்டாம், வலை வேண்டாம். கல்லைப் பொறுக்கி மண்ணைப் பதப்படுத்தினால் போதும்; கபடி ஆடலாம்.

ஆடலாம் என்பதில் ஐயமில்லை. வெல்ல முடியுமா என்பதே கேள்வி. நமது தோட்டப்புறப் பாடசாலை அணிகள் ஆண்டுதோறும் ஒரே துயரத்தைச் சந்திக்கின்றன. ஓர் ஆண்டு திறமான வீரன் ஒருவன் தலையெடுக்கிறான். மறு ஆண்டு அவன் நகரத்துக் கல்லூரிக்கோ, கொழும்பிலே கடை வேலைக்கோ போய்விடுகிறான். அவன் போனவுடன் அணியும் சரிந்து விழுகிறது. "நல்ல ஆள் இல்லை, என்ன செய்வது?" என்று ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே பெருமூச்சு விடுகின்றனர். நல்ல ஆள் இருந்தால்தான் நல்ல அணியா? அன்றி, இருக்கும் ஆட்களைக் கொண்டே அணியை உயர்த்த வழியுண்டா? கோடிக்கணக்கிலே பணம் புரளும் தொழில்முறைக் கபடி இக்கேள்விக்குச் சுவையான விடை தருகின்றது.

மீட்சி தோழன் கையில்

கபடியின் விதிகளைச் சிறிது ஆழ்ந்து நோக்குவோம். களத்திலே பக்கத்துக்கு எழுவர். ஒருவர் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு எதிர்ப்புறம் செல்கிறார். இக்காலத்தார் அவரை ரைடர் என்பர். 30 விநாடிக்குள் அவர் யாரையேனும் தொட்டுத் தம் எல்லைக்கு மீள வேண்டும். தொடப்பட்டவர் வெளியேற வேண்டும். பாடிச் சென்றவர் பிடிபட்டால் அவர் வெளியேற வேண்டும். இவ்வளவும் சிறு பிள்ளைக்கும் தெரிந்ததே.

இவ்விளையாட்டின் உயிர்நிலை இதற்கடுத்த விதியிலே இருக்கின்றது. வெளியேறியவர் தம் முயற்சியால் மீண்டு வர முடியாது. எத்துணைப் பெரிய வீரராயினும் கோட்டுக்கு அப்பால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டியதே. அவருடைய தோழர் ஒருவர் எதிரியைத் தொட்டு வீழ்த்தினாலோ, வந்தவரைப் பிடித்தாலோதான் அவர் உயிர் பெறுவார். முதலில் வெளியேறியவரே முதலில் உள்ளே வருவார். ஆகவே கபடியிலே ஒருவருடைய மீட்சி பிறர் கையில் இருக்கின்றது.

இன்னுமொரு விதியும் கவனிக்கத் தக்கது. களத்திலே மூவரோ அதற்குக் குறைவானவரோ எஞ்சியிருக்கும்போது அவர்கள் பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால், வழக்கமான ஒரு புள்ளியோடு இன்னொரு புள்ளியும் சேரும். எழுவரும் வெளியேறிவிட்டாலோ எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் மேலதிகமாகப் போகும். நலிந்து நிற்கும் அணிக்கு விதியே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அக்கதவைத் தட்டப் பழகியவர் எத்தனை பேர்? எழுவர் நின்று ஆடுவதையே பயிலும் அணிகள்தாம் அதிகம்; மூவர் நின்று ஆடுவதைத் தனியே பயிலும் அணிகள் குறைவு.

பிடிக்கும் முறையையும் பாருங்கள். ஓரங்களில் நிற்பவர் இருவர். அவர்களுடைய வேலை கணுக்காலைப் பற்றுவது. அவர்களுக்கு உட்புறம் நிற்பவர்கள் கையோடு கை கோத்துச் சங்கிலியாக நகர்ந்து, வந்தவர் திரும்பும் வழியை அடைப்பர். ஓரத்திலிருப்பவர் காலைப் பற்றிய அதே நொடியில் மற்றவர் வந்து சேராவிட்டால், பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு ரைடர் கோட்டைத் தொட்டுவிடுவார். அவசரப்பட்டு ஒருவர் தனியே பாய்ந்தால் சங்கிலி அறும். ஒரு புள்ளிக்குப் பதில் இரண்டு மூன்று புள்ளிகள் பறிபோகும். தனிமனித வீரம் அணிக்குக் கேடாவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறு அதிகமில்லை.

தமிழ் தலைவாஸ் சொல்லும் கதை

இந்தியாவிலே தொழில்முறைக் கபடித் தொடர் 2014-ஆம் ஆண்டு தொடங்கிற்று. 2017-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தமிழ் தலைவாஸ் என்னும் அணி அதிலே சேர்ந்தது. சடுகுடு பிறந்த மண்ணின் அணியல்லவா? எதிர்பார்ப்புப் பெரிதாக இருந்தது. 2016-இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியில் ஒளிவீசிய அஜய் தாக்கூர் தலைவராக வந்தார். ஆயினும் 2017-இலும் 2018-இலும் தன் பிரிவிலே அவ்வணி கடைசி இடத்தையே அடைந்தது.

2019-இல் நிருவாகத்தார் இன்னும் பெரிய பெயர்களைத் தேடிச் சென்றனர். ராகுல் சவுத்ரியை 94 இலட்சம் இந்திய ரூபா கொடுத்து எடுத்தனர். மஞ்சித் சில்லர் ஏற்கெனவே அணியில் இருந்தார். அஜய் தாக்கூரும் இருந்தார். தனித்தனியே எண்ணினால் இவர்களைப் போன்ற மூவரை ஒரே அணியில் காண்பது அரிது. முடிவு யாது? 12 அணிகளுள் 12-ஆவது இடம்! மூன்று பருவம், மூன்று முறையும் கடைசி. சிறந்த ஆட்களைச் சேர்ப்பதும் சிறந்த அணியைச் சேர்ப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அதன் பின்னர் அணியின் போக்கு மாறியது. இளைஞர்களை எடுத்து, அவர்களைக் கலைத்துவிடாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கினர். அடுத்த பருவத்தில் 11-ஆம் இடம், பெரிய முன்னேற்றமன்று. 2022-இல் மறுபடியும் ஆசை விடவில்லை. பவன் செராவத் என்னும் பெருவீரரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாவுக்கு ஏலத்தில் எடுத்தனர். அதுவரை அத்தொடரிலே எவருக்கும் அவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்பட்டதில்லை. ஆனால் முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது. அப்பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை.

"போயிற்று, இவ்வாண்டும் கடைசி இடந்தான்" என்றே பலரும் கருதினர். நடந்தது வேறு. தொடரின் நடுவே பயிற்சிப் பொறுப்பை அஷன் குமார் ஏற்றார். 1990-இல் ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் அவர். அத்தொடரிலே அதுவரை ஆடியிராத நரேந்தர் என்னும் இளைஞரிடம் பாடிச் செல்லும் பெரும்பொறுப்பு வந்து சேர்ந்தது. அவர் அவ்வொரு பருவத்திலேயே 240-க்கு மேற்பட்ட புள்ளிகளை ஈட்டினார். அஜிங்க்யா பவார் அவருக்குத் துணை நின்றார். பின்னே ஓரங்களைக் காத்த சாகரும் சாகில் குலியாவும் முந்திய பருவத்திலும் இதே அணியில் ஒருங்கே ஆடியவர்கள். ஒருவர் கண்ணசைவை மற்றவர் அறிந்தவர்கள்.

புள்ளிப்பட்டியலிலே ஐந்தாம் இடம் பெற்று, முதன்முறையாக அவ்வணி வெளியேற்றுச் சுற்றுக்குள் நுழைந்தது. உத்தரப் பிரதேச அணியோடு ஆடிய ஆட்டம் 36-க்கு 36 எனச் சமமாக முடிய, சமன்முறிப்பிலே 6-4 என்று வென்றது. அரையிறுதியிலே புனே அணியிடம் 37-39 என இரண்டே புள்ளியில் தோற்றது. கோடி கொடுத்து வாங்கிய வீரர் வெளியே அமர்ந்திருக்க, பெயர் தெரியாத இளைஞர்கள் அணியை அரையிறுதி வரை கொண்டு சென்றனர்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிக்கும். ஆனால் அடுத்த இரண்டு பருவங்களிலும் அவ்வணி 9-ஆம் இடத்துக்கு இறங்கிற்று. ஒருமைப்பாடு ஒருமுறை ஈட்டி வங்கியில் வைக்கும் பணமன்று. அது வீட்டு விளக்கைப் போன்றது. நாள்தோறும் எண்ணெய் வார்க்க வேண்டும்.

ஈரானிய மங்கையரின் எழுச்சி

பணமுள்ள தொடரை விட்டு, நாடுகளிடையே நடக்கும் போட்டியைப் பார்த்தாலும் இதே பாடந்தான். ஆசிய விளையாட்டு விழாவில் 1990-இல் கபடி பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது முதல், ஆடவர் தங்கம் இந்தியாவை விட்டு அசையவில்லை. மகளிர்க்கு 2010-இல் இடம் கிடைத்தபின் அந்தத் தங்கமும் இந்தியாவுக்கே போயிற்று. 2014-இல் மகளிர் இறுதியாட்டத்தில் ஈரான் 21-31 என்று தோற்றது.

நான்கே ஆண்டுகளில், 2018-இல் ஜக்கார்த்தாவிலே, ஈரானிய மகளிர் 27-24 என இந்தியாவை வென்று தங்கம் பெற்றனர். அவர்களைப் பயிற்றியவர் சைலஜா ஜெயின் என்னும் மராட்டிய மாதரசி. அவர் அந்நாட்டுக்குப் போய், வீராங்கனைகளோடு பேசுவதற்காகப் பாரசீக மொழியைக் கற்றுக்கொண்டார். யோகாசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் அன்றாடப் பயிற்சியோடு இணைத்தார். பயிற்றுவோர் பிள்ளைகளின் மொழியைக் கற்ற பின்னரே பிள்ளைகள் அவருடைய வித்தையைக் கற்றனர்! ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதனை எண்ணி எண்ணி மகிழலாம்.

ஈரானிய ஆடவரும் அதே விழாவில் இந்தியாவை அரையிறுதியில் 27-18 என வீழ்த்தித் தங்கம் வென்றனர். அவர்களுட் பலர் மற்போர்ப் பயிற்சியிலிருந்து வந்தவர்கள். காலைப் பற்றும் வித்தை அவர்களுக்குப் பழகிய ஒன்று. இந்தியாவின் தொழில்முறைத் தொடரிலேயே ஆடி, எதிரியின் நுட்பங்களை அருகிருந்து கற்றனர். தம்மிடம் உள்ளதை அறிந்து, இல்லாததைக் கற்பதே முன்னேற்றத்தின் முதற்படி.

சாயக் குண்டு விளையாட்டு

'பட்டவர் வெளியேறுக' என்னும் விதி நமது கபடிக்கு மட்டும் உரியதன்று. மேனாட்டிலே பெயின்ட்பால் என்றொரு விளையாட்டு உண்டு. சாயம் நிரப்பிய சிறு உருண்டைகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் எய்வர். உடம்பிலே சாயம் பட்டவர் அவ்வாட்டத்தை விட்டு விலக வேண்டும். காட்டிலே மரங்களையும், பண்ணையிலே மாடுகளையும் அடையாளமிடப் பயன்பட்ட கருவி அது. 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காடொன்றில் 12 பேர் தனித்தனியே ஆடி முதல் ஆட்டத்தை நடத்தினர். கொடிகளைக் கைப்பற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது பந்தயம். வென்றவர் வனத்தொழிலில் இருந்த ரிச்சி ஒயிட் என்பவர். வியப்பு யாதெனில், அவர் ஒருமுறைகூடத் துப்பாக்கியைச் சுடவில்லை! ஓசையின்றி மரத்துக்கு மரம் நகர்ந்து கொடிகளைத் திரட்டிவிட்டார்.

பிற்காலத்தில் அது தொழில்முறை விளையாட்டாக வளர்ந்தது. காற்றடைத்த பெரிய தடுப்புகள் நிறைந்த களத்திலே பக்கத்துக்கு ஐவர் ஆடுவர். தடுப்பின் பின்னே குனிந்திருப்பவருக்கு எதிரி தெரிவதில்லை. அவருக்குக் கண்ணாக இருப்பது பின்னே நிற்கும் தோழரின் குரல். எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்று இடைவிடாது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் அணி குருடாகும். ஆகையால் நல்ல அணிகள் குறிபார்த்துச் சுடுவதைப் போலவே கூவிச் சொல்வதையும் பயில்கின்றன. தடுப்புகளின் அமைப்பை முன்கூட்டியே அறிந்து, யார் எந்தத் தடுப்புக்கு ஓடுவது, ஒருவர் விழுந்தால் அவ்விடத்தை யார் நிரப்புவது என்றெல்லாம் ஒத்திகை பார்க்கின்றன. விலையுயர்ந்த கருவிகள் நமக்கு எட்டா. ஆனால் குரலுக்கும் ஒத்திகைக்கும் செலவொன்றும் இல்லையே!

எண்ணூறில் எழுபத்தேழு

நம் மலைநாட்டின் பெருமைக்குரிய முத்தையா முரளிதரனை அறியாதார் யார்? கண்டியிலே 1972-இல் பிறந்தவர். தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக வந்தவரின் பேரர். டெஸ்ட் ஆட்டங்களிலே அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. உலகிலே வேறெவரும் அவ்வெண்ணிக்கையை எட்டியதில்லை.

அந்த 800-இல் 77 விக்கெட்டுகள் மஹேல ஜயவர்த்தனவின் கையிலே பிடியாக விழுந்தவை. 2010-இல் காலியிலே தமது கடைசி டெஸ்டில் முரளி வீழ்த்திய 800-ஆவது விக்கெட்டும் மஹேல பிடித்ததே. பந்தை எறிந்தவர் தமிழர், பிடித்தவர் சிங்களவர். அந்தக் கை அங்கே விழித்திருந்திராவிட்டால் அந்தப் பந்து தரையில் விழுந்து, ஒரு நல்ல பந்தாக மட்டுமே போயிருக்கும். உலகின் தலைசிறந்த தனிவீரருக்கும் பக்கத்திலே ஒரு கை வேண்டியிருந்தது.

நாம் செய்யத் தக்கவை

இனி, நமது பாடசாலைகளும் தோட்டத்து இளைஞர் கழகங்களும் செய்யத் தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, இடம் நிலைக்க வேண்டும். இன்று ஓரத்திலும் நாளை நடுவிலும் நின்றால் எந்த வேலையும் கைவராது. ஓரத்தில் நிற்பவரையும் அவருக்கு அடுத்தவரையும் இணையாக்கி, பல மாதம் பிரிக்காமல் பயிற்ற வேண்டும். கொழுந்து மலையிலே தன் நிரை எதுவெனத் தெரிந்தவளே தடுமாற்றமின்றிக் கொழுந்தெடுப்பாள், களத்திலும் அப்படியே.

இரண்டாவது, வாரத்தில் ஒரு நாளேனும் மூவரை மட்டும் நிறுத்தி ஆட வேண்டும். குறைந்து நிற்கையிலே கலங்காதிருப்பதற்கு அதுவே மருந்து. பயிற்சியிலே பலமுறை மூவராய் நின்றவர்க்குப் போட்டியிலே மூவராய் நிற்பது புதிதாகத் தோன்றாது.

மூன்றாவது, குரல். பிடிக்கும் நொடியைச் சொல்வதற்கு ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் இளையவராயினும் மூத்தவர்கள் அச்சொல்லுக்குக் கட்டுப்படப் பழக வேண்டும். இது சிறிது கசப்பான பயிற்சியே. ஆனால் அணி இங்கேதான் பிறக்கின்றது.

நான்காவது, ஓர் அப்பியாசக் கொப்பி. ஆட்டத்தில் இடம் கிடைக்காத மாணவர் ஒருவரை அமர்த்தி, யார் எப்படி வெளியேறினர், எந்தப் பக்கத்திலே புள்ளி பறிபோனது என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறித்து வைக்கச் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குப் பின் அக்கொப்பி எந்தப் பயிற்சியாளரும் சொல்லாத உண்மைகளைச் சொல்லும். இடம் கிடைக்காத பிள்ளையும் அணியின் அங்கமாகிவிடும்.

ஐந்தாவது, நம் நிலைக்கு மிக வேண்டியது. ஒவ்வொரு மூத்த வீரருக்கும் ஓர் இளையவரைத் துணையாகச் சேர்த்து, "நீ போகுமுன் இவனுக்கு உன் வித்தையைக் கற்பித்துவிட்டுப் போ" என்று பொறுப்பளிக்க வேண்டும். நமது பிள்ளைகள் படிப்புக்கும் பிழைப்புக்கும் வெளியூர் போவதை நாம் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆள் போகலாம், வித்தை போகக் கூடாது. அண்ணன் விட்டுச் சென்ற இடத்தைத் தம்பி நிரப்பும் குடும்பம் போல அணியும் நடந்தால், ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்கும் அவலம் தீரும்.

இவற்றோடு, நகத்தை ஒட்ட வெட்டுதலும், களத்திலே கல் இல்லாமற் பார்த்தலும், குளிர் மிகுந்த நம் மலைக்காற்றிலே உடம்பைச் சூடேற்றிய பின்னரே ஆடுதலும் கட்டாயம் வேண்டும். ஓர் எலும்பு முறிந்தால் தோட்டத்துக் குடும்பமொன்று எவ்வளவு அல்லற்படும் என்பதை நாம் மறத்தலாகாது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

"விளையாட்டுச் சோறு போடுமா?" என்று பெற்றோர் வினவுவது நியாயமே. கபடி ஆடுவோர் அனைவரும் கோடிக்கு ஏலம் போகப் போவதில்லை. ஆயினும் பதினைந்து பதினாறு வயதிலே வீட்டை விட்டு வெளியூர் போகும் பிள்ளை எதை எடுத்துக்கொண்டு போகிறான் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தான் விழுந்தபோது தன்னை மீட்டவர்கள் இருந்தார்கள், பிறர் விழுந்தபோது தான் மீட்டிருக்கிறோம் என்னும் அறிவு பெரிய துணையல்லவா? பெண் மக்களுக்கும் இது பொருந்தும். அவர்களுக்குரிய களம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். இன்னும் சிறிய நிலமே போதும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலே மலைப்பாதையில் தேர் ஏறும் காட்சியை நாம் அறிவோம். வடத்தைப் பிடித்தவர்களுள் இன்னார்தான் தேரை இழுத்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஒருவர் கை சலித்தால் பின்னே நிற்பவர் வந்து பற்றுகிறார், தேர் நிற்பதில்லை. மாணவச் செல்வங்களே, நல்ல ஆள் வருவான் என்று காத்திராதீர்கள். இருக்கும் எழுவரைக் கொண்டு இன்றே வடத்தைப் பிடியுங்கள். எட்டாமவனையும் பக்கத்திலே நிறுத்திப் பழக்குங்கள்.